தேசியக் கொள்கையும் பிரதேச சபையும்

அரசாங்கம் வகுக்கும் கொள்கை நாடு முழுவதற்கும் பொதுவானது. எனினும் வீதி, வடிகால், தெருவிளக்கு, கழிவகற்றல் ஆகியன மக்களைச் சென்றடைவது பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்தின் வழியாகவே. ஆதலின் ஒரு தேசியத் திட்டம் நிலைத்த பயன் தருமா என்பது, இறுதிப் படியில் நிற்கும் அம்மன்றத்துக்கு அதிகாரமும் நிதியும் உளவா என்பதைப் பொறுத்தது. இதற்கு மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறங்கள் தக்க சான்றாகும்.

மாணவர் பலர் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றெனக் கருதுவர். அவை வெவ்வேறானவை. செயலகம் மத்திய அரசின் அலுவலகம். அமைச்சுக்களின் நிதி மாவட்டச் செயலகத்தின் வழியாக அங்கு வந்து சேரும். சபையோ மக்கள் வாக்கினால் அமைவது. அது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்தது. அவ்வாண்டே நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாண சபையின் மேற்பார்வைக்கு உட்பட்டது.

உக்குவளை, இறத்தோட்டை முதலிய பிரதேசங்களிற் கிராமங்களும் தோட்டங்களும் அடுத்தடுத்து உள்ளன. இருசாராரும் வாக்களிப்பது ஒரே சபைக்கே. ஆயினும் மேற்கூறிய சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டத்துள் செலவிடத் தடையாயிருந்தது. தோட்டக் காணி கம்பனிகள், கூட்டுத்தாபனங்கள் ஆகியவற்றின் நிருவாகத்தில் இருந்தமையால், அதனூடு செல்லும் பாதை பொதுப்பாதையாகக் கொள்ளப்படவில்லை. சபையின் கடமை தோட்டத்து எல்லையோடு நின்றது.

2018 இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், தோட்டக் குடியிருப்பாளருக்கும் சபை பணியாற்ற வழி திறந்தது. அதற்கு முன்னரே, 2015 ஐ அடுத்து, லயன்களுக்கு மாற்றாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்திருந்தது. வீட்டைக் கட்டி ஒப்படைப்பதோடு அமைச்சின் பணி முடிந்துவிடும். அதன்பின் அக்குடியிருப்பின் பாதையைச் செப்பனிடுவார் யார்? குப்பையை அகற்றுவார் யார்? சபைக்கு அதிகாரம் இன்றேல் இவ்வினாக்களுக்கு விடையில்லை.

அதிகாரம் மாத்திரம் போதுமா? போதாது. ஆதன வரி, ஏக்கர் வரி, உரிமக் கட்டணம், கடை வாடகை முதலியனவே சபையின் சொந்த வருவாய். ஆதன வரியும் அபிவிருத்தியடைந்ததென அறிவிக்கப்பட்ட பகுதிகளிலேயே அறவிடப்படும். எனவே நகரை விட்டு விலகிய சபைகளின் கையிருப்புச் சிறிது. மேலும், 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் நாளே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாக அலுவலரே சபைகளை நடத்தினர். புதிதாய்ப் பெற்ற உரிமையைச் சபையில் எழுந்து கேட்பதற்கு மக்கட் பிரதிநிதிகள் இல்லாத காலம் அது.

ஆதலின் இனி நோக்கற்பாலது ஒன்றுண்டு. சபை ஆண்டுதோறும் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டத்தில் தோட்ட வட்டாரங்களுக்கு எத்துணைத் தொகை ஒதுக்கப்படுகிறது என்பதே அது. கற்றறிந்த இளைஞர் இவ்வினாவைத் தத்தம் வட்டார உறுப்பினரிடம் ஆண்டுதோறும் எழுப்புவாராயின், கொழும்பில் வகுக்கப்படும் கொள்கை லயன் வாசல் வரை வந்து சேரும்.