தூங்கவிடாத சிறுவர் படங்கள்

குழந்தைகளுக்கென்றே எடுக்கப்பட்டு, குழந்தைகளையே நடுங்கவைத்த மாயாஜாலப் படங்கள் 1970களின் கடைசியில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஹாலிவுட்டிலும் ஐரோப்பாவிலும் அடுத்தடுத்து வந்தன. அவற்றில் பல, திரையரங்கில் ஓடவில்லை. ஆனால் ஆறேழு வயதில் அவற்றைப் பார்த்தவர்கள் நாற்பதைத் தாண்டிய பிறகும் ஏதோ ஒரு காட்சியைச் சொல்லிச் சிலிர்த்துக்கொள்கிறார்கள். கதை மறந்திருக்கும், சில சமயம் படத்தின் பெயரே மறந்திருக்கும். அந்தக் காட்சி மட்டும் மறந்திருக்காது. பேய்ப்படங்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பேய்ப்படத்துக்குப் போகிறவர் பயப்படத் தயாராகவே போகிறார். இவற்றின் சுவரொட்டியிலோ பூசணித் தலையனும் பேசும் கோழியும் இருந்தார்கள். பெற்றோரே நம்பிக் கூட்டிப்போனார்கள்.

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1985 ஜூனில் வெளியிட்ட 'ரிட்டர்ன் டு ஓஸ்' இந்த வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு. அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் 1900 முதல் எழுதிவந்த ஓஸ் நாட்டுக் கதைகளில் முதலாவதை எம்ஜிஎம் நிறுவனம் 1939இல் பாட்டும் வண்ணமுமாகப் படமாக்கியிருந்தது. ஜூடி கார்லண்ட் டாரத்தியாக நடித்த அந்தப் படத்தைத் தொலைக்காட்சி ஆண்டுதோறும் ஒளிபரப்ப, அது அமெரிக்கக் குடும்பங்களில் ஒரு பண்டிகை வழக்கம்போல ஆகிவிட்டது. பின்னால் வந்த ஓஸ் நூல்களின் திரைப்பட உரிமையை டிஸ்னி 1954இலேயே வாங்கிக் கிடப்பில் போட்டிருந்தது. 1980களில் அந்த உரிமை காலாவதியாகும் நாள் நெருங்கியபோது, ஓஸ் படம் எடுக்கும் ஆசையைச் சொன்னவர் வால்டர் மர்ச். 'தி கான்வர்சேஷன்', 'அபோகலிப்ஸ் நவ்' ஆகிய படங்களின் ஒலியமைப்பால் பெயர் பெற்றவர், ஆஸ்கர் விருது வாங்கியவர். அதற்கு முன் அவர் எந்தப் படத்தையும் இயக்கியதில்லை. இதற்குப் பின்னும் முழுநீளக் கதைப்படம் எதையும் இயக்கவில்லை.

மர்ச் பாட்டைத் தொடவில்லை. பாமின் இரண்டாம், மூன்றாம் நூல்களைச் சேர்த்து, தொடக்கத்தைத் தானே எழுதிக்கொண்டார். அந்தத் தொடக்கம்தான் பிள்ளைகளை முதலில் பிடித்து உலுக்கியது. 1899ஆம் ஆண்டு, கன்சாஸ் மாநிலம். முதல் கதையில் சூறாவளி வீட்டோடு டாரத்தியையும் ஓஸ் நாட்டுக்குத் தூக்கிப்போய் ஆறு மாதம் ஆகிறது. புது வீடு பாதி கட்டியபடி நிற்கிறது. சிறுமி டாரத்திக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் ஓஸ் என்ற நாட்டைப் பற்றியே பேசுகிறாள். குழந்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்த எம் அத்தை, அவளைக் குதிரை வண்டியில் ஏற்றி, மின்சாரத்தால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோய் விடுகிறாள். டாக்டர் கனிவாகவே பேசுகிறார். மின்கருவியைக் காட்டி, இதோ இதன் கண், இதோ இதன் நாக்கு என்று விளையாட்டுக் காட்டுகிறார். இரவில் கறுப்புடை அணிந்த தாதி வந்து டாரத்தியைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து வாரால் கட்டுகிறாள். கட்டில் கிறீச்சிட்டபடி நகர்கிறது. கீழே எங்கோ யாரோ அலறுகிறார்கள். இடி விழுந்து மின்சாரம் நின்றதால் அவள் தப்புகிறாள்.

இத்தனையும் ஓஸ் நாட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. அங்கே போனால் மஞ்சள் செங்கல் பாதை பெயர்ந்து கிடக்கிறது, மரகத நகரம் பாழடைந்திருக்கிறது, மக்கள் கல்லாகி நிற்கிறார்கள். கைகால்களுக்குப் பதில் சக்கரம் முளைத்த 'வீலர்'கள் இளித்துக்கொண்டு துரத்துகிறார்கள். மோம்பி என்ற சூனியக்காரி அழகான பெண் தலைகளைக் கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக வைத்திருக்கிறாள். வேளைக்கு ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். டாரத்தி நள்ளிரவில் அவளுடைய மந்திரப் பொடியை எடுக்கும்போது அலமாரித் தலைகள் எல்லாம் ஒரே குரலில் கத்த, தலையில்லாத உடல் படுக்கையிலிருந்து எழுந்து தடுமாறி வருகிறது. இந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் முதலில் நினைவுகூர்வது இந்தக் காட்சியைத்தான்.

தலை மாற்றுகிறவள் மர்ச்சின் கற்பனை அல்ல. பாம் 1907இல் எழுதிய 'ஓஸ்மா ஆஃப் ஓஸ்' நூலில் முப்பது தலை வைத்திருக்கும் இளவரசி ஒருத்தி வருகிறாள். டாரத்தியின் தலையையும் பண்டமாற்றாகக் கேட்கிறாள். நூலில் அது அலங்காரப் பித்துப் பிடித்த சீமாட்டிகளைக் கேலிசெய்யும் பகுதி, படிக்கும் பிள்ளை சிரிக்கும். திரையில் சதையும் மயிருமாகப் பார்க்கும்போது அந்தச் சிரிப்புக்கு இடமில்லை. போதாதற்கு டாக்டராக நடித்த நிக்கல் வில்லியம்சனே ஓஸில் கல்லரசனாகவும், தாதியாக நடித்த ஜீன் மார்ஷே மோம்பியாகவும் வருகிறார்கள். ஒலிக்கலைஞரான மர்ச், மருத்துவமனைக் கட்டில் சக்கரத்தின் கிறீச்சொலியை வீலர்களின் சக்கரங்களில் திரும்பக் கேட்கவைக்கிறார். கன்சாஸில் குணப்படுத்த வந்தவர்கள் யாரோ, அவர்களே ஓஸில் வதைக்கிறார்கள். பூச்சாண்டி எங்கோ காட்டில் இல்லை, அத்தையே கைபிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்த இடத்தில் இருந்தான் என்பதைப் பெரியவர்கள் ஒரு கதை உத்தியாகக் கண்டு ரசிக்கலாம். பிள்ளைக்கு அது நேரடியாகவே உறைத்துவிடும்.

1939 படத்தில் நடித்தபோது கார்லண்டுக்கு வயது பதினாறு. மர்ச் தேர்ந்தெடுத்த ஃபெய்ரூஸா பால்க், படப்பிடிப்பின்போது ஒன்பது முடிந்து பத்தைத் தொட்டவர். பார்வையாளரின் வயதுதான் டாரத்தியின் வயதும். இந்த ஒரு தேர்வே பயத்தை இரட்டிப்பாக்கியது.

படப்பிடிப்பு இங்கிலாந்தில் நடந்தது. வேலை தாமதமாவதைக் கண்ட டிஸ்னி, சில வாரங்களில் மர்ச்சை நீக்கியது. நண்பர் ஜார்ஜ் லூகாஸ் தலையிட்டுப் பொறுப்பேற்றுக்கொண்டதால் திரும்பச் சேர்த்தது. கணினி வரைகலை பரவலாகாத காலம். டிக்டாக் என்ற உருண்டையான செம்பு இயந்திர வீரனுக்குள் ஒரு கழைக்கூத்துக் கலைஞர் உடலை மடக்கி, தலையைக் கால்களுக்கிடையே வைத்து, சின்னத் திரை ஒன்றில் வெளியே நடப்பதைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். பாறைச் சுவரில் முகங்கள் முளைத்து நகர்வதை வில் வின்டன் குழுவினர் களிமண் அனிமேஷனில் செய்தார்கள். படம் முடிவதற்குள் டிஸ்னியின் நிர்வாகமே மாறிவிட்டது. சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் வசூலித்தது சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர்தான். பாட்டை எதிர்பார்த்து வந்த பெற்றோர் எரிச்சலோடு திரும்பினார்கள்.

இப்படி ஒரு படத்துக்கு டிஸ்னி பணம் போட்டது எப்படி என்ற கேள்விக்குப் பதில், அந்த நிறுவனத்தின் அன்றைய தடுமாற்றத்தில் இருக்கிறது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபிறகு பதின்வயதினர் டிஸ்னி படத்தைக் குழந்தைச் சமாசாரம் என்று ஒதுக்கினார்கள். அவர்களை இழுக்க 'தி வாட்சர் இன் தி வுட்ஸ்', 'சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்' என்று இருண்ட கதைகளை நிறுவனம் எடுத்துப் பார்த்தது. 1985 ஜூலையில் வந்த 'தி பிளாக் கால்ட்ரன்' கார்ட்டூன் படத்தில் எலும்புக்கூட்டுப் படை எழும் பகுதி கடுமையாக இருந்ததால், புதிய நிர்வாகி ஜெஃப்ரி கட்ஸன்பெர்க் பல நிமிடங்களை வெட்டச் செய்தார். அப்படியும் அது தோற்றது.

சான்றிதழ் முறையும் ஒரு காரணம். குழந்தைகளுக்கான படத்துக்கும் பெரியவர்களுக்கான படத்துக்கும் நடுவே பெற்றோர் துணை வேண்டும் என்ற ஒரே படிதான் அமெரிக்காவில் இருந்தது. 'கிரெம்லின்ஸ்', 'இந்தியானா ஜோன்ஸ்' இரண்டாம் பாகம் ஆகியவை கிளப்பிய கூச்சலுக்குப் பிறகே, 1984 ஜூலையில், பதின்மூன்று வயது என்ற கோடு போடப்பட்டது. பிரிட்டனில் நடந்தது இன்னும் விசித்திரம். முயல்கள் கடித்துக் குதறிச் சாகும் 'வாட்டர்ஷிப் டவுன்' 1978இல் வந்தபோது, எல்லோரும் பார்க்கலாம் என்று தணிக்கைக் குழு சான்று கொடுத்தது. கார்ட்டூன் என்பதால் ரத்தம் உறைக்காது என்று நினைத்துவிட்டார்கள். புகார்கள் ஓயாமல் வந்தன. சான்றை மாற்றியது 2022இல்.

தெரிந்தே பயமுறுத்தியவர் ஜிம் ஹென்சன். 'செசமி ஸ்ட்ரீட்' பொம்மைகளைப் படைத்த அவர், பயமே அறியாமல் வளர்வது குழந்தைக்கு நல்லதல்ல என்று கருதினார். ஃபிராங்க் ஓஸுடன் சேர்ந்து 1982இல் அவர் இயக்கிய 'தி டார்க் கிரிஸ்டல்' படத்தில் மனித முகம் ஒன்றுகூட இல்லை. ஓவியர் பிரையன் ஃப்ரவுட் வடிவமைத்த ஸ்கெக்ஸிஸ் என்ற கழுகுமூக்கு ஜந்துக்கள், அப்பாவிக் குள்ளர்களை நாற்காலியில் கட்டி உயிர்ச்சத்தை உறிஞ்சிக் குடிக்கின்றன. பிழிந்தெடுக்கப்பட்டவர்கள் வெறித்த கண்ணோடு அடிமைகளாகிறார்கள். பொம்மை என்றாலும் கேமராவுக்கு முன்னால் கனமும் ஈரமுமாக உண்மையிலேயே இருந்த பொருள் அது. வில்லன்கள் தின்னும் விருந்துக் காட்சியைப் பார்த்தாலே கார்ட்டூனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரியும். 1986இல் டேவிட் போவியை வைத்து அவர் எடுத்த 'லேபிரிந்த்' கொஞ்சம் இலகுவானது. ஆனால் அது திரையரங்கில் ஓடவில்லை.

ஜெர்மனியில் வுல்ஃப்காங் பீட்டர்சன் 1984இல் இயக்கிய 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி' நன்றாக ஓடியது. அதில் அரக்கனைவிட அதிகம் நினைவில் நிற்பது ஒரு குதிரையின் சாவு. துயரச் சதுப்பில் மனம் தளர்ந்தவர் மூழ்கிவிடுவார் என்பது கதையின் விதி. சிறுவன் அட்ரேயு கடிவாளத்தை இழுத்துக் கதறக் கதற, ஆர்டாக்ஸ் என்ற வெள்ளைக்குதிரை அசையாமல் நின்று அமிழ்ந்துபோகிறது. மைக்கேல் எண்டேயின் மூலநூலில் அந்தக் குதிரை பேசும். தன் நிலையைச் சொல்லி விடைபெறும். படத்தில் அது வாயில்லாப் பிராணி. நூலைப் பாழாக்கிவிட்டார்கள் என்று எண்டே கொதித்தார், வழக்கும் போட்டார். ஆனால் இந்த ஒரு மாற்றம் காட்சியைக் கூர்மையாக்கவே செய்தது.

இந்தப் பரம்பரைக்கு ஐரோப்பாவில் இன்னும் பழைய வேர் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் அரசு நிறுவனமான டெஃபா 1957இல் எடுத்த 'தி சிங்கிங் ரிங்கிங் ட்ரீ', கொடிய குள்ளன் ஒருவன் ஆளும் மாய உலகக் கதை. பளிச்சென்ற வண்ணப் படம். பிபிசி 1964இல் அதை மூன்று பகுதிகளாக வெட்டி, கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பியது. ஜெர்மன் பேச்சு அடியில் கேட்க, மேலே ஆங்கிலத்தில் ஒருவர் கதை சொன்னார். வண்ணமும் மொழியும் போன அந்தக் குறையே அதை ஒரு கெட்ட கனவாக்கியது. பிரிட்டனின் ஒரு தலைமுறை அதை இன்றும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது. செக் நாட்டு யான் ஷ்வாங்க்மயர் 1988இல் எடுத்த 'ஆலிஸ்', கனவைத் தற்செயலுக்கு விடவில்லை. பாடம் செய்த முயல் ஒன்று ஆணியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து நடக்கிறது. வயிற்றுக் கிழிசலிலிருந்து மரத்தூள் கொட்ட, அதையே அள்ளித் தின்கிறது.

சிறுவயதில் திரையில் கண்டு பயந்ததை ஆராய்ந்தவர்களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் கேன்டர் முக்கியமானவர். சுமார் ஏழெட்டு வயது வரை பிள்ளைகள் தோற்றத்தைக் கண்டே பயப்படுகிறார்கள், அதற்குமேல் நடக்கக்கூடியது எது என்பதைக் கணக்கிட்டுப் பயப்படுகிறார்கள் என்பது அவருடைய முடிபுகளில் ஒன்று. ஒரு சோதனையில் கிழவி ஒருத்தியை நான்கு விதமாகப் படம்பிடித்துக் காட்டினார்கள்: அழகாயிருந்து அன்பு காட்டுபவள், அழகாயிருந்து கொடுமை செய்பவள், அவலட்சணமாயிருந்து அன்பு காட்டுபவள், அவலட்சணமாயிருந்து கொடுமை செய்பவள். மிகச் சிறிய பிள்ளைகள் அவள் செய்கையைவிட முகத்தைப் பார்த்தே நல்லவளா கெட்டவளா என்று தீர்மானித்தார்கள். மனிதன் பச்சைப் பூதமாக மாறும் 'ஹல்க்' தொடர், நல்லவனின் கதையாக இருந்தும் பாலர்களை மிரட்டியதற்குக் காரணம் அந்த உருமாற்றம். கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் சிறுவயதில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துக் கடுமையாகப் பயந்ததாகச் சொன்னார்கள். நான்கில் ஒருவருக்கு அதன் மிச்சம் அப்போதும் இருந்தது. தலை மாற்றும் மோம்பி, தோற்றம், உருமாற்றம் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தியவள்.

தோற்ற படங்கள் மறையாமல் காத்தது வீடியோ கேசட். வாடகைக் கடையின் குழந்தைகள் அடுக்கில் இவை ஒதுங்கின. பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிற்பகல்களில் ஓடின. பின்னர் இணையம் சில துண்டுகளைத் தனியே வெட்டிப் புழக்கத்தில் விட்டது. வில் வின்டனே 1985இல் எடுத்த 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் மார்க் ட்வைன்' களிமண் படத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகமூடியைப் பிடித்திருக்கும் சாத்தான் சின்னஞ்சிறு மண்மனிதர்களைப் படைத்துச் சலித்துப்போய் நசுக்குகிறான். தடைசெய்யப்பட்ட காட்சி என்ற புளுகோடு அது சுற்றிவந்து, முழுப் படம் பெறாத பார்வையாளர்களைப் பெற்றது.

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் இருந்த வின்டனின் ஸ்டூடியோ கைமாறி, 2005இல் லைகா என்று பெயர் மாறியது. அதன் முதல் முழுநீளப் படம், நீல் கெய்மனின் 2002 நாவலிலிருந்து 2009இல் வந்த 'கோரலைன்'. கண் இருக்கும் இடத்தில் பொத்தான் தைத்துக்கொண்ட ஒரு மாற்றுத் தாய், சிறுமியின் கண்ணிலும் பொத்தான் தைக்க ஊசியோடு காத்திருக்கும் கதை. இயக்கிய ஹென்றி செலிக், இளமையில் 'ரிட்டர்ன் டு ஓஸ்' படத்துக்குக் காட்சிப்பலகை வரைந்தவர். பிள்ளைகள் இதைச் சாகசக் கதையாகப் படிக்கிறார்கள், பெரியவர்கள்தான் நடுங்குகிறார்கள் என்று கெய்மன் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தப் படம் தோற்கவில்லை. உலகம் முழுவதும் 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பதினைந்தாம் ஆண்டையொட்டி 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளில் மறுபடி திரையிட்டபோது, அங்கு மட்டும் மேலும் 3 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.