ஓட்டைக் குடத்தோடு விசாரணைக்கு வந்த துறவி!

எகிப்தின் கெய்ரோ நகருக்கு வடமேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது வாடி நட்ரூன் பாலைவனம். அந்தக் காலத்தில் அதற்கு ஸ்கேத்திஸ் என்று பெயர். 4-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவிகள் பலர் அங்கே சின்னச் சின்னக் குடில்களில் வாழ்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஏதோ தவறு செய்துவிட்டார். என்ன தவறு என்று பழைய பதிவுகள் சொல்லவில்லை. (அதுவும் நல்லதுக்குத்தான். சொல்லியிருந்தால் நாமும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதியிருப்போம்!) விசாரிக்கப் பெரியவர்கள் கூடினார்கள். எத்தியோப்பியர் மோசே என்ற துறவிக்கும் அழைப்பு போனது. அவர் வரவில்லை. ‘எல்லோரும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்று மறுபடியும் ஆள் அனுப்பினார்கள்.

இந்த மோசே ஒரு காலத்தில் அடிமை. எஜமானரால் துரத்தப்பட்டு, கொள்ளைக்கூட்டத் தலைவராகி, பிறகு மனம் திரும்பித் துறவியானவர். தவறு செய்தவனின் இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் அவரைவிட அறிந்தவர் இருந்திருக்க மாட்டார்.

கடைசியில் அவர் கிளம்பினார். ஓட்டைக் குடம் ஒன்றில் தண்ணீர் நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். வழியெல்லாம் தண்ணீர் ஒழுகியது. எதிர்கொண்டு அழைக்க வந்தவர்கள், இது என்ன கோலம் என்று கேட்டார்கள். தன் பாவங்கள் தனக்குப் பின்னால் இப்படித்தான் ஒழுகுகின்றன, அவை தன் கண்ணில் படுவதில்லை, இந்த லட்சணத்தில் அடுத்தவர் குற்றத்தை விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னார் மோசே. கூட்டத்தில் அதற்குமேல் பேச்சில்லை. அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டார்கள்.

மோசே சொன்னதைக் கேட்டால் நினைவுக்கு வருவது, மத்தேயு நற்செய்தி 7-ம் அதிகாரத்தில் இயேசு சொன்ன துரும்பு, உத்திரம் உவமைதான். அடுத்தவர் கண்ணில் துரும்பு, நம் கண்ணில் வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்திரம்! தச்சுப்பட்டறையில் வளர்ந்தவருக்கே தோன்றும் கேலி அது.

ஆனால், ‘தீர்ப்பு செய்யாதே’ என்ற தொடக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘என்னைக் கேட்க நீ யார்?’ என்று கேடயம் பிடிப்பவர்களும் உண்டு. அந்த உவமை அங்கே முடியவில்லை. முதலில் உன் உத்திரத்தை எடு, பிறகு சகோதரன் கண்ணில் உள்ள துரும்பை எடுக்க உனக்குப் பார்வை தெளியும் என்கிறார் இயேசு. துரும்பும் எடுக்கப்பட வேண்டியதுதான். உறுத்தும் கண்ணை அப்படியே விட்டுவிடுவது அன்பாகாது.

எப்படி எடுப்பது? அதே மத்தேயுவில் 18-ம் அதிகாரம் வரிசையே சொல்கிறது. தவறு செய்தவரிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போக வேண்டும். அதற்கும் பிறகுதான் சபை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழ்.

யோவான் 8-ம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்டதாக ஒரு பெண்ணை இயேசுவிடம் இழுத்து வருகிறார்கள். யூதச் சட்டப்படி அந்த ஆணுக்கும் அதே தண்டனைதான். ஆனால், அவனை யாரும் கொண்டுவரவில்லை. உங்களில் பாவமில்லாதவர் முதல் கல்லை எறியட்டும் என்றார் இயேசு. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். முதலில் இடத்தைக் காலி செய்தவர்கள், வயதில் பெரியவர்கள்.