கதிரவனும் கருவூலமும்

தெலோம் ஆற்றின் நீர் சுரங்கவழிச் சென்று, 1963 முதல் மின்சாரமாகிவரும் மலை இது. பனிமூட்டம் கவியும் கோலா தெர்லாவில் சூரியத் தகடு பயன்தருமா என்று மாணவர் ஒருவர் நம்மை வினவினார். விடை காணுமுன், அத்தகட்டின் பிறப்பை நோக்குவோம்.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கான் மின்கலத்தை உருவாக்கினர். விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கியது. தொலைபேசி நிறுவனம் ஒன்று இதற்கு ஏன் செலவிட்டது? ஈரம் மிக்க வெப்பநாடுகளில் உலர் மின்கலங்கள் விரைவில் பழுதுற்றமையே காரணம். நம்மைப் போன்ற நிலத்தின் தொல்லைதான் அவ்வாய்வைத் தொடக்கியது. ஆயினும், பணம் மிகுந்திருந்த இடம் விண்வெளி. 1958இல் வான்கார்டு செயற்கைக்கோளில் மின்கலங்கள் ஏறின. அங்கே எடையும் உறுதியும் பெரிதாயின, விலை பெரிதாகவில்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவும் சப்பானும் ஆய்வுக்குப் பெரும்பொருள் ஒதுக்கின. எண்பதுகளில் அமெரிக்கா கையைச் சுருக்கியது. மொழியியலார்க்கு இது புதிதன்று. நல்கை நின்றால் அகராதியும் இடை எழுத்தில் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவிலோ, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவினர் விடாது உழைத்தனர். மின்கலத்தின் பின்புறத்தில் மெல்லிய காப்புப் படலம் இட்டு, அங்கே வீணாகும் மின்னூட்டத்தைக் குறைத்து, 1989இல் 22.8 விழுக்காட்டை எட்டினர். தொழிற்சாலைகளில் அம்முறை பெருவழக்காக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அங்கு முனைவர் பட்டம் பெற்ற ஷி செங்ரோங் சீனா திரும்பி, 2001இல் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். நல்கையின் விளைச்சலில் ஆளும் அடக்கம்.

நம் நாட்டில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2005இல் சூரிய ஆற்றல் ஆய்வு நிலையம் கண்டது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மின்கட்டணத்தில் 1 விழுக்காடு பெறப்பட்டது. 2014இல் அது 1.6 ஆயிற்று. மாதம் 300 அலகுக்குள் நுகரும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. இப்பணம் சூரிய மின்சாரம் முதலியவற்றை நல்ல விலைக்கு வாங்குவதற்கானது, ஆய்வுக்கானதன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நம்மிடையே மலிந்த பிழை. கொள்முதல், இருக்கும் தகட்டைப் பரப்பி விலையைக் குறைக்கும். ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் செய்தது. பனிமூட்டத்துக்கு ஏற்ற தகட்டை அது தேடித் தராது.

இனி, மாணவரின் வினா. தகட்டின் சூடு 25 பாகையைத் தாண்டினால், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு மின்சாரம் குறையும். ஆதலின் மலைக்குளிர் நமக்குத் துணை. மூட்டமோ ஒளியைத் தடுக்கும். இவற்றுள் எது மிகும் என்பதை இச்சரிவிலேயே பருவந்தோறும், ஆண்டுக்கணக்கில் அளந்துதான் சொல்ல இயலும். அந்த அளவைக்குப் பணம் ஒதுக்கும் தேவை சிட்னிக்கோ பெர்லினுக்கோ இல்லை.