காது கேட்கிறதா என்று கைக்குழந்தையிடம் எப்படிக் கேட்பது?

மணலூர்பேட்டையில் தை மாதம் நடக்கும் ஆற்றுத் திருவிழாவைப் பார்த்திருக்கிறீர்களா? திருவண்ணாமலை அண்ணாமலையார் தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். எங்கும் மேளமும் நாதஸ்வரமும் முழங்கும். அந்த ஓசையிலும் அருகில் ஒரு கைக்குழந்தை அசையாமல் தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “சமர்த்துப் பிள்ளை” என்று வீட்டார் மகிழலாம். ஆனால் அதற்குக் காதே கேட்கவில்லை என்றால்?

பேச வராத குழந்தையிடம் இதை எப்படி விசாரிப்பது? விஞ்ஞானம் ஒரு வழி கண்டிருக்கிறது.

காது அனுப்பும் எதிரொலி

நம் உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பு உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒலியின் அதிர்வை மின்துடிப்பாக மாற்றி, நரம்பு வழியே மூளைக்கு அனுப்புகின்றன. விந்தை என்னவென்றால், நலமான காக்ளியா தானும் மெல்லிய ஒலியை வெளியே அனுப்புகிறது! பிரிட்டிஷ் விஞ்ஞானி டேவிட் கெம்ப் இதை 1978-இல் அறிவித்தார். குழந்தையின் காதில் சிறு கருவியைப் பொருத்தி, ‘டிக், டிக்’ என்ற ஓசையை அனுப்பி, திரும்பி வரும் ஒலியைப் பதிவு செய்வதே முதல் சோதனை. வலி சிறிதும் இல்லை.

ஒலி திரும்பாவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். காதில் தேங்கிய திரவம்கூடத் தடையாகலாம். இதைப் பிரித்தறிபவர் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அடுத்தவர் கேட்பியல் வல்லுநர். அவர் தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதின் பின்புறமும் மின்வாய்களை ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரை சென்று சேர்கிறதா என்று அளக்கிறார். இது ‘பெரா’ சோதனை. இத்தகைய வல்லுநர்களை உருவாக்கவே மைசூரில் 1965-இல் அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஏன் இந்த அவசரம்?

மூளை மொழியைக் கற்பதற்கு ஏற்ற பருவம் முதல் சில ஆண்டுகளே. ஆகவே மருத்துவர்கள் 1, 3, 6 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்திற்குள் முதல் சோதனை. மூன்று மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல். ஆறு மாதத்திற்குள் உதவி.

என்ன உதவி? சில குழந்தைகளுக்குச் செவித்துணைக் கருவி போதும். அது ஒலியைப் பெருக்கித் தரும். மயிரணுக்கள் மிகவும் பழுதுபட்டிருந்தால் அறுவை மருத்துவர் காக்ளியாவில் மெல்லிய மின்வாய்களைப் பொருத்துவார். அவை நரம்பை நேரே தூண்டும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதற்கு உதவுகிறது.

ஆனால் கருவி பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. ஒலிக்குப் பொருள் உண்டு என்பதை மூளை பழக வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரும் பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக உழைக்க வேண்டும். சைகை மொழியும் முழுமையான மொழியே; அதன் வழியாகவும் குழந்தை கற்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கைக்குழந்தை இருக்கிறதா? கவனியுங்கள். திடீர் ஓசைக்குத் திடுக்கிடுகிறதா? ஆறேழு மாதத்தில் குரல் வரும் பக்கம் திரும்புகிறதா? ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் பார்க்கிறதா? ஐயம் இருந்தால் “பிறகு சரியாகிவிடும்” என்று காத்திருக்க விடாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லச் சொல்லுங்கள். கள்ளக்குறிச்சியிலும் திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அத்தனை வல்லுநர்களும் வேலையைத் தொடங்க, முதலில் ஒருவர் கவனித்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.