அடையாற்றின் போக்கும் ஏரிப் பாசன உழவரும்

சென்னை நந்தனத்தின் ஓரமாய் ஓடும் அடையாற்றை இன்று யாரும் பாசன ஆறாக எண்ணுவதில்லை. ஆனால் அந்த ஆற்றில் வரும் நீரில் ஒரு பகுதி ஏரிகளில் தங்கி, பயிருக்குப் பாய்ந்து, மிஞ்சி வருகிற நீர்தான். குன்றத்தூர், மணிமங்கலம், படப்பைப் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்கு அதன் குணம் தெரிந்திருப்பது அவசியம்.

அடையாறு மலையில் பிறக்கவில்லை. ஆதனூர், மணிமங்கலம் வட்டாரத்து ஏரிகளின் கலங்கல் நீர் ஒன்றுகூடித்தான் ஆறாகிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் சேருகிறது. சுமார் 42 கிலோமீட்டர் ஓடி, சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம் வழியாகக் கடலை அடைகிறது. நிலம் சமதளம், வாட்டம் மிகக் குறைவு. முகத்துவாரத்தில் கடல் அலை மணலைக் கொண்டுவந்து திட்டு போட்டுவிடும். ஆகையால் மேலே வெள்ளம் வந்தால் கீழே வடிவதற்கு நேரம் பிடிக்கும்.

மழையின் கணக்கும் இங்கே தனி. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவுக்குப் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதுவும் புயல், காற்றழுத்தத் தாழ்வு வரும் சில நாட்களிலேயே கொட்டிவிடும். ஆடி, ஆவணி மாலைகளில் பெய்யும் இடி மழையைக் காய்ந்த மண் குடித்துவிடுகிறது. ஐப்பசியில் மண் நிறைந்து, சிற்றேரிகள் நிரம்பிய பிறகு பெய்யும் மழைதான் ஆற்றுக்கு வரும். ஒரே அளவு மழை ஆடியில் பெய்தால் வாய்க்காலில் கூட ஓடாது. கார்த்திகையில் பெய்தால் ஊரையே அழிக்கும்.

2015 டிசம்பர் 1-ம் தேதி அதுதான் நடந்தது. நவம்பர் முழுதும் பெய்த மழையில் ஏரிகள் ததும்பிக் கொண்டிருந்தன. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றால் சுமார் 40 ஆயிரம் லிட்டர். 47 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 19 லட்சம் லிட்டர்! செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு நாள் ஓடினால் இரண்டரை டி.எம்.சி.; ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. கோட்டூர்புரத்திலும் ஆற்றோரத் தெருக்களிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

அதே செம்பரம்பாக்கம் 2019 கோடையில் வறண்டு தரை தெரிந்தது. முந்தின ஆண்டு வடகிழக்குப் பருவம் பொய்த்ததே காரணம். 2020 நவம்பரில் நிவர் புயலின்போது ஏரி 24 அடி நிரம்பும்வரை காத்திராமல், 22 அடியிலேயே ஆயிரம் கன அடி திறந்து, பிறகு படிப்படியாக உயர்த்தினார்கள். நகரத்துக்கு அது நிம்மதி. ஆனால் முன்கூட்டி விட்ட நீர் திரும்பி வராது. பிறகு மழை நின்றுவிட்டால், நவரைக்கு ஏரி நீரை நம்பியிருக்கும் விவசாயிக்கு அது நட்டம். இந்த இழுபறி எல்லா ஏரிக்கும் உண்டு. சிற்றேரிகளைத் தூர்த்துவிட்டு எல்லா நீரையும் ஒரே பெரிய ஏரியின் தலையில் கட்டினால் இழுபறி இன்னும் முற்றும்.

ஏரியைத் தூர்ப்பது புதிய பழக்கமன்று. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. இன்றும் பெருமழையில் அந்த நீர் பழைய வழியைத் தேடி, மாம்பலம் கால்வாய் வழியாக நந்தனம் பக்கம் ஆற்றுக்கு வருகிறது. (தமிழகத்து வேளாண் கல்வியும் இந்த ஆற்றங்கரையிலேதான் தொடங்கிற்று. 1868-ல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பள்ளியே 1906-ல் கோவைக்குப் போயிற்று.)

இனி, செய்ய வேண்டியது. வரத்துக்காலையும் போக்குக்காலையும் புரட்டாசிக்குள் செடி கொடி நீக்கிச் சுத்தம் செய்துவிட வேண்டும். மதகுப் பலகை, திருகு ஆகியவற்றை மழைக்கு முன்னரே இயக்கிப் பார்த்தல் நலம். கலங்கலின் மேல் மண் மூட்டை அடுக்கி நீரை உயர்த்துவது கூடவே கூடாது. ஓர் அடி நீருக்கு ஆசைப்பட்டுக் கரையை இழக்க நேரிடும். உடைந்த நீர் அடுத்த ஏரியையும் உடைக்கும்.

தாழ்வான வயல்களுக்கு சி.ஆர். 1009 சப்-1 என்னும் நீண்ட கால ரகம் ஏற்றது. பத்து நாட்களுக்கு மேல் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகஸ்டிலேயே விதைத்தால் பெருமழைக்கு முன் பயிர் வேர் பிடித்துத் தூர் கட்டியிருக்கும். மூழ்கிய பயிருக்கு நீர் வடியுமுன் உரமிடுவது வீண் செலவு. வடிந்த பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷுடன் மேலுரமாக இட வேண்டும்.

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் எடுக்க தாசில்தாரிடம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். மண்ணுக்குக் கட்டணமில்லை; வண்டிச் செலவு மட்டும் உழவருடையது. ஏரி ஆழமாகும், வயலுக்கும் உரமாகும். மாசி, பங்குனியிலேயே மனுப் போட்டுவிட்டால் கோடை மழைக்கு முன் வண்டி ஓட்டிவிடலாம்.