மீண்ட நிலமும் புதிய கமக்காரரும்

பயிர்த்தொழில் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது என்பர். அவ்விறக்கம் எங்ஙனம் நிகழ்கின்றது என்று சற்றே சிந்தித்தல் தகும். எந்தக் கமக்காரனும் வரம்பின்மேல் நின்று தன் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதில்லை. பிள்ளை தகப்பனுக்குக் கஞ்சி கொண்டு வயலுக்குப் போகின்றது. தகப்பன் ஒரு பிடி மண்ணை அள்ளி விரல்களால் உருட்டிப் பார்ப்பதைக் காண்கின்றது. “இன்றைக்கு உழ முடியாது, நாளை மறுநாள் பார்ப்போம்” என்று அவன் அயலானிடம் சொல்வதைக் கேட்கின்றது. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், கற்கின்றோம் என்ற எண்ணமே இல்லாமல் அப்பிள்ளை கமக்காரனாகிவிடுகின்றது. இத்தொடர்பு ஒரு தலைமுறைக் காலம் அறுந்துபோனால் யாது நேரும்? இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள மன்னார் மாவட்டம் இவ்வினாவுக்கு விடை காண நேர்ந்த நிலமாகும்.

மன்னார் என்றதும் முத்துக்குளிப்பும், தலைமன்னாரும், பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமுமே வெளியூரார் நினைவுக்கு வருகின்றன. ஆயின், மாவட்டத்தின் பெரும்பகுதி தீவன்று. தீவுக்கு அப்பால் பரந்து கிடக்கும் பெருநிலப்பரப்பே. முருங்கன், நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் முதலிய ஊர்கள் நெல்வயல்களால் சூழப்பட்டவை. அனுராதபுரப் பக்கமிருந்து இறங்கிவரும் அருவியாறு தேக்கம் என்னுமிடத்தில் அணையால் மறிக்கப்பட்டு, கால்வாய் வழியாகக் கட்டுக்கரைக் குளத்துக்கு நீரூட்டுகின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் அரசாண்ட தாதுசேனன் இக்குளத்தைக் கட்டுவித்தான் என்பது மரபு. காலப்போக்கிற் பாழடைந்த இதனை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருத்தினர். குளமும் வாய்க்காலும் வரம்பும் சேர்ந்த இந்த அமைப்பு, அதனை இயக்கத் தெரிந்த மக்கள் இருக்கும்வரையே பயன் தரும்.

அம்மக்கள் சிதறிய வரலாறு நெடியது. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். வேறு பலர் மடுத் தேவாலயச் சூழலில் தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார் முஸ்லிம்களுட் பெரும்பாலோர் கடல்வழியாகக் கற்பிட்டியையும் புத்தளத்தையும் அடைந்தனர். 2007இல் முசலிப் பகுதியிலும், 2008இல் மாந்தை மேற்கிலும் நடந்த போரினால் எஞ்சியிருந்த ஊர்களும் வெறுமையாயின. மாந்தை மேற்கு மக்கள் வன்னியூடாகக் கிழக்கே தள்ளப்பட்டு, 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வந்து சேர்ந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதி முதல் அவர்களும், பின்னர் புத்தளத்திலிருந்து முஸ்லிம் குடும்பங்களும், தமிழகத்திலிருந்து சிலரும் சிறிது சிறிதாகத் திரும்பலாயினர்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். 1990இல் ஐந்து வயதுக் குழந்தையாக ஊரை விட்டவர் 2010இல் இருபத்தைந்து வயது நிரம்பியவர். மனைவியும் கைக்குழந்தையும் உடையவர். தகப்பனாரின் காணி உறுதி அவர் கையில் இருக்கலாம். ஆனால், ஒரு விதைப்பையும் ஓர் அரிவி வெட்டையும் கண்ணாற் கண்டறியாதவர். தமிழகத்து முகாம்களில் வளர்ந்தவர் வர்ணம் பூசவும் கல் சுமக்கவும் பழகியிருந்தார். கற்பிட்டியில் வளர்ந்தவர் பிறருடைய வெங்காயத் தோட்டங்களிற் கூலிவேலை செய்து, பாத்தி கட்டவும் நீர் பாய்ச்சவும் அறிந்திருந்தார், நெல்லை அறியார். மீள்குடியேறியோருக்கு உலர் உணவு ஆறு மாதங்களுக்கு என்ற அளவில் வழங்கப்பட்டது. நிலத்தைக் கற்க ஓராண்டு முழுவதும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களே இளங்குடும்பங்களின் பெருஞ்சோதனையாயின.

நிலமும் அவர்கள் விட்டுச்சென்ற நிலமாக இருக்கவில்லை. வயல்களிற் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றிய பின்னரே உள்ளே கால்வைக்க முடிந்தது. வரம்புகள் கரைந்து, உடைமரமும் பற்றையும் மண்டியிருந்தன. எல்லைக் கல்லைக் காட்டக்கூடிய முதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சில காணிகளிற் பிறர் குடியிருந்தனர். பத்தாண்டு தடையின்றி ஆண்டவர்க்கு உரிமை தரும் ஆட்சியுரிமைச் சட்டம், போரினால் வரமுடியாதிருந்தோரைத் தண்டிப்பதாக ஆகிவிடக்கூடாது என்பதற்காக, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்குச் சிறப்புப் பாதுகாப்பு அளித்தது.

இவற்றைக் கடந்து நிலத்தில் இறங்கிய குடும்பம் முதலிற் கற்கவேண்டியது காலம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி தமிழகத்துக்குரியது. மன்னாரில், குளத்துநீர் எட்டும் சிறுபோக நிலம் தவிர, ஆடி மாதத்து வயல் வெடித்துக் கிடக்கும். இங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர், அதாவது 40 அங்குலம். அதிலும் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையிலான மூன்று மாதங்களிற் கொட்டிவிடும். ஆதலின், காலபோகமே முதன்மையான போகம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துப் பெரும்பாலும் மாசியில் அறுப்பார்கள். தைப்பொங்கலுக்குத் தன் வயற் புத்தரிசி கிடைக்கும் என்று எண்ணியிருக்கும் புதுக் கமக்காரன், பொங்கலன்று கடையரிசியையே பொங்குவான்; அவனுடைய நெல் அப்பொழுது கதிர் தள்ளி நிற்கும்.

விதைக்கும் நாளை ஒருவன் தனியே தீர்மானிப்பதும் இல்லை. போகந்தோறும் கமக்காரர் யாவரையும் அழைத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, எந்நாளிற் துருசு திறப்பது, எந்நாளுக்குள் விதைப்பை முடிப்பது, மாடுகளை எப்பொழுது வயல்வெளியிலிருந்து அகற்றுவது என்பன அங்கே முடிவாகின்றன. முற்காலத்தில் இம்முடிவுகளைக் காப்பவர் வட்டவிதானையார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு அப்பதவி மறைந்தது. இன்று அப்பணி கமக்காரர் அமைப்புகளைச் சார்ந்துள்ளது. புதியவர் பலர் இக்கூட்டத்தை அரசாங்கச் சடங்கு என்று எண்ணி வீட்டில் இருந்துவிடுவர். பத்து நாள் பிந்தி விதைத்தவனுடைய பயிர், அயல்வயல்கள் காய்ந்து அறுவடைக்கு நிற்கும்பொழுது இன்னும் நீர் கேட்கும். அவன் ஒருவனுக்காக வாய்க்காலில் நீர் விட முடியாது. ஒரே வாய்க்காலிலுள்ளோர் ஒரே நாளில் விதைப்பதன் நுட்பம் அப்போதுதான் விளங்கும்.

அடுத்த பாடம் மண். முருங்கன் பக்கத்துக் கருங்களி, வெயிலில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும்; மழையில் காலைப் பற்றி இழுக்கும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒருகாலத்தில் மூலப்பொருளாகச் சென்ற களி இதுவே. இம்மண் முற்றக் காய்ந்திருந்தால் உழவு ஏறாது. நன்றாக நனைந்துவிட்டால் உழவு இயந்திரமே புதைந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே மண் பதமாக இருக்கும் நாட்கள் மிகச் சிலவே. உருட்டினால் உருண்டையாகி, அழுத்தினால் உதிரும் நிலையே பதம். கஞ்சி கொண்டு போன பிள்ளை கண்டிருக்கவேண்டிய காட்சி இதுதான். அதனைக் காணாது வளர்ந்தவன், பதம் கடந்தபின் வாடகைக்கு இயந்திரம் பிடித்து, பணத்தையும் நாளையும் ஒருங்கே இழப்பான்.

விதையிலும் இத்தகைய நுட்பம் உண்டு. பழைய பச்சைப்பெருமாளும் மொட்டைக்கறுப்பனும் அருகிவிட்டன. இன்று விதைக்கப்படுபவை ஆராய்ச்சி நிலையங்கள் தந்த இனங்கள். அவற்றின் பெயர் ஊரையும் வயதையும் சொல்லும். ‘பி.ஜி. 300’ என்பது பத்தலகொடை நிலையத்தில் உருவான மூன்றுமாத நெல், ‘பி.ஜி. 352’ மூன்றரை மாத நெல். குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் மூன்றுமாத நெல்லே பாதுகாப்பானது. இந்த எண்ணை வாசிக்கத் தெரியாதவன், விதைநெல் மலிவாகக் கிடைக்கின்றதே என்று நீண்டகால இனத்தை வாங்கி, கதிர் முற்றும் நாளில் வாய்க்கால் வற்றக் காண்பான். அன்றியும், ஏக்கருக்கு இரண்டு புசல் விதை போதும் என்பது விவசாயத் திணைக்களத்தின் கணிப்பு. முளைக்குமோ முளையாதோ என்னும் அச்சத்தினால் புதியவன் அதனைப் போல் இருமடங்கு விதைப்பான். நெருங்கி முளைத்த பயிர் ஒன்றையொன்று நெருக்கி மெலியும். நோயும் பூச்சியும் அங்கே எளிதிற் குடிபுகும்.

பெருநிலப்பரப்பில் நெல் கற்பிக்கின்றது. தீவில் கிணறு கற்பிக்கின்றது. மன்னார்த் தீவு பெரும்பாலும் மணல். மழைநீர் மணலூடாக இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீரைவிட நன்னீர் சற்றே இலேசானது என்பதே இதற்குக் காரணம். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி உயர்ந்திருக்குமிடத்தில், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய அறிஞர் கணக்கிட்டனர். கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது. மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. முன்னோர் பூவல் எனப்படும் ஆழமற்ற சிறு மணற்கிணறுகளைத் தோண்டி, பட்டையாலும் துலாவாலும் மெல்ல இறைத்தமை சோம்பலினாலன்று. விசைப்பம்பை வைத்து நாள்முழுதும் இறைக்கும் தோட்டக்காரன் முதற் கோடையிலேயே தன் கத்தரி இலையின் ஓரம் கருகுவதைக் காண்பான். அப்போது பழுதுபடுவது அவனுடைய கிணறு மட்டுமன்று. அயலவன் கிணறும் அதே நீரையே உண்கின்றது. காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைத்து, இடையில் கிணறு ஊற விடுதல் தீவுத் தோட்டத்தின் முதல் விதி.

வைகாசி பிறந்ததும் காற்றுப் பாடம் தொடங்கும். தென்மேற்கிலிருந்து புரட்டாசி வரை ஓயாது வீசும் காற்று இக்கரையில் மிக வலியது. அதன் வலிமை அறிந்தே, 2020இல் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்னும் காற்றாலைத் தொகுதி 30 விசிறிகளுடன் இயங்கத் தொடங்கியது. விசிறிக்கு நன்மையாவது நாற்றுக்குத் தீமை. ஈரத்தை உறிஞ்சி, மணலை வாரி இளந்தளிர்மேல் வீசும். ஆதலின், வீட்டைச் சுற்றிக் கிளுவைக் கதியால் நட்டு, பனையோலையால் வேலியடைத்த பின்னரே தோட்டம் போடல் வேண்டும். தீவிற் கட்டாக்காலியாய்த் திரியும் கழுதைகளுக்கும் மாடுகளுக்கும் அவ்வேலியே தடை. வேலி இன்றி முருங்கையும் மிளகாயும் வைத்த வீட்டில் எஞ்சுவது குச்சி மாத்திரமே. கன்று நட்டுப் பதினைந்து இருபது ஆண்டு காத்திருந்தாலன்றிப் பனை பயன்தராது. ஆயினும், ஆள் இல்லாத காலத்திலும் சாகாது நின்று, மீண்டு வந்தோர்க்கு ஓலையும் பழமும் கிழங்கும் கொடுத்தது அதுவே. விழுந்த பனங்கொட்டைகளை மழைக்கு முன்னர் பாத்தியில் அடுக்கிய வீட்டில், தை மாசியில் ஒடியலுக்குக் குறைவில்லை.

ஆடு, கோழி வளர்ப்பும் இதனோடு சேர்ந்ததே. பெரும்பாலும் இது குடும்பத் தலைவியின் பொறுப்பாக அமைந்தது. போரிற் கணவனை இழந்த இல்லங்களில் வயலும் அவள் பொறுப்பே. நெற்பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. முட்டைப்பணம் வாரந்தோறும் வருவது. பிள்ளையின் கொப்பிக்கும் மருந்துக்கும் நெல்லை எதிர்பார்த்திருந்த வீடு கடன்பட்டது. கோழியும் கீரைப்பாத்தியும் வைத்திருந்த வீடு கடனைத் தள்ளிப்போட்டது. அறுவடை முடிந்த வயலில் இரவில் மாட்டுப்பட்டி அடைத்து எருவிடும் பழக்கமும், அடுத்த போகத்துக்கு விதைநெல் ஒதுக்கிய பின்னரே எஞ்சியதை விற்கும் பழக்கமும் இம்முதலாண்டின் இறுதிப் பாடங்கள். கடன்காரன் களத்துமேட்டில் நிற்கும்போது இவ்விரண்டாம் பழக்கத்தைக் காத்தல் எளிதன்று.

இவற்றையெல்லாம் யார் கற்பித்தனர்? கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியரும் விதை, உரம், நோய் என்பன பற்றிக் கூறினர், அப்பணி பெரிது. எந்த வயலில் நீர் தேங்கும், எந்த மூலையில் உவர் பூக்கும், எந்த வாய்க்கால் யாருடைய காணி வழியே போயிற்று என்பவற்றை ஊர் முதியவர் மட்டுமே அறிந்திருந்தனர். அவர்களிற் பலர் இடப்பெயர்விலே மாண்டனர். இருந்த சிலர் ஊன்றுகோலுடன் வரம்புக்கு வந்து, பேரன் வயதினருக்கு மண்ணை உருட்டிக் காட்டினர். திரும்புவதற்குப் பத்தாண்டு பிந்தியிருந்தால் காட்டுவதற்கு அவர்களும் இருந்திரார். புத்தளத்திலே பிள்ளைகளின் படிப்பை விடமுடியாமல், விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் முசலிக்கு வந்துபோகும் குடும்பங்களின் துயரமும் இங்கேதான் உள்ளது. அவர்கள் நிலத்தைக் காப்பாற்றுகின்றனர். ஆனால், அங்கே வளரும் பிள்ளை வயலுக்குக் கஞ்சி கொண்டு போவதில்லை.

முதலாண்டு விளைச்சல் பல வீடுகளிற் செலவுக்குக் கட்டவில்லை. எனினும், இரண்டாம் ஆண்டு புரட்டாசியில் அதே இளைஞர் கூட்டத்துக்கு முன்னதாகவே வந்து அமர்ந்து, குளத்தில் எத்தனை அடி நீர் என்று வினவத் தொடங்கிவிட்டால், அக்குடும்பம் வேரூன்றியது என்று கொள்ளலாம். மீள்குடியேற்றக் கணக்கில் வீடுகளும் ஏக்கர்களும் எண்ணப்படுகின்றன. மண்ணின் பதம் அறிந்த கைகளையும் எண்ணுதல் வேண்டும். அக்கைகள் தங்கள் பிள்ளைகளை வரம்புக்கு அழைத்துச் செல்லும் நாளிலேயே, 1990இல் அறுந்த தொடர்பு மீண்டும் முடியப்படும்.