பாஸ் இல்லாத ஊர்ல பாஸ் ராட் எதுக்கு? தூண்டில் வாங்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஊட்டிக்குப் பக்கத்துல பெர்ன்ஹில்ல இருந்து பேசறேன். பகல்ல கோடு எழுதுறது, ராத்திரி மைக் முன்னாடி உக்காருறதுன்னு போயிட்டிருக்கு வாழ்க்கை. இன்னைக்கு டாபிக், தூண்டில். அதாவது ராட், ரீல், லூர் எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எப்படிப் பயன்படுத்துறது.

இந்த டாபிக்குக்குக் காரணம் திரும்பத் திரும்ப வர்ற ஒரே கேள்விதான்: "ப்ரோ, அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரர் ஊருக்கு வர்றார். நல்ல பாஸ் ராட் ஒண்ணு கொண்டு வரச் சொல்லட்டா?" இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு எதிர்க்கேள்வி கேக்கணும். எந்த மீனைப் பிடிக்கப் போறீங்க?

யூட்யூப்ல தூண்டில் வீடியோ தேடினா பத்துல எட்டு லார்ஜ்மவுத் பாஸ் பத்தித்தான் இருக்கும். அது வட அமெரிக்க நன்னீர் மீன். அங்க அதைச் சுத்தி ஒரு பெரிய தொழிலே நடக்குது. கடையில விக்கிற ராட், ரீல், லூர்ல பாதிக்கு மேல அந்த மீனோட குணத்தை மனசுல வச்சு வடிவமைச்சதுதான். நம்ம குளத்துல, நம்ம அணையில அந்த மீன் கிடையாது. அடுத்தவங்க ஸ்பெக்கை அப்படியே காப்பி பண்ணா நம்ம சிஸ்டத்துல ஓடாது. மாத்தி எழுதணும்.

நம்ம பக்கம் என்ன மீன் இருக்கு?

மலையில இருந்தே ஆரம்பிப்போம். நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர 1860-கள்லயே முயற்சி நடந்துச்சு. இந்திய மீன்களைப் பத்திப் பெரிய நூல் எழுதின பிரான்சிஸ் டே அப்போ முயன்றார், பலிக்கலை. அப்புறம் எச்.சி. வில்சன் காலத்துல, 1907-ல அவலாஞ்சியில டிரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்தது. அதுக்கப்புறம்தான் ரெயின்போ டிரவுட் இங்க நிலைச்சது. இது குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைஞ்ச தண்ணி கேக்குற மீன். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிறதாலதான் இங்க அதால பிழைக்க முடியுது.

அடுத்தது கெண்டை வகை. 1939-ல இலங்கையில இருந்து கண்ணாடிக் கெண்டை நீலகிரிக்கு வந்துச்சு. இது அடிமண்ணைக் கிளறி, உறிஞ்சித் தின்னுற மீன். அதனால லூர் போட்டு இதைப் பிடிக்க நினைக்கிறது பெரும்பாலும் வீண் வேலை. மாவு உருண்டை, தக்கை, பொறுமை, இந்த மூணுதான் இதுக்கு.

மலை இறங்கி சமவெளிக் குளம், ஏரிக்குப் போனா விரால். என்னைக் கேட்டா நம்ம ஊர் பாஸ் இதுதான். பாசிக்குள்ள, அல்லி இலைக்கு அடியில பதுங்கி இருந்து, மேல போற தவளையை டமால்னு அடிக்கும். பாஸும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்யும்.

கடலோரம் போனா கொடுவா. முட்டுக்காடு, பழவேற்காடு, பிச்சாவரம் மாதிரி உப்புநீரும் நன்னீரும் கலக்குற இடத்துல கிடைக்கும். ஆங்கிலத்துல இதுக்கு ஏசியன் சீபாஸ்னு பேர். பேர்ல பாஸ் இருந்தாலும் அமெரிக்க பாஸுக்கும் இதுக்கும் நேரடி உறவு இல்லை.

ஆக நாலு மீனு, நாலு விதமான வாய், நாலு விதமான தண்ணி. இதை முடிவு பண்ணாம ராட் வாங்குறது, எந்தப் பஸ்னு தெரியாம டிக்கெட் எடுக்கிற மாதிரி.

ராட்: பவர் வேற, ஆக்‌ஷன் வேற

ராட்ல கைப்பிடிக்கு மேல சின்ன எழுத்துல ரெண்டு விஷயம் போட்டிருக்கும். நிறையப் பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்குவாங்க.

பவர்னா, ராடை வளைக்க எவ்வளவு விசை வேணும்ங்கிறது. அல்ட்ராலைட், லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவின்னு போகும். ஆக்‌ஷன்னா, ராட் எந்த இடத்துல வளையுதுங்கிறது. நுனி மட்டும் வளைஞ்சா ஃபாஸ்ட். நடு வரைக்கும் வளைஞ்சா மாடரேட். அடி வரைக்கும் வளைஞ்சா ஸ்லோ.

இது ஏன் முக்கியம்? ராட் ஒரு ஸ்பிரிங். பின்னாடி கொண்டுபோய் முன்னாடி வீசும்போது, லூரோட எடைதான் அந்த ஸ்பிரிங்கை வளைக்குது. வளைஞ்ச ராட் நிமிரும்போதுதான் லூர் பறக்குது. பாஸுக்குன்னு வர்ற மீடியம் ஹெவி ராட் பொதுவா 10-ல இருந்து 28 கிராம் வரைக்கும் உள்ள லூருக்கு ஏத்தது. அதுல டிரவுட்டுக்கான 3 கிராம் ஸ்பின்னரைக் கட்டினா ராட் வளையவே வளையாது. எவ்வளவு பலமா வீசினாலும் லூர் கால் கிட்டயே விழும். தப்பு உங்க கையில இல்லை, கணக்குல இருக்கு.

அதனால டிரவுட்டுக்கு அஞ்சரையில இருந்து ஆறரை அடி, அல்ட்ராலைட் அல்லது லைட் பவர், கொஞ்சம் மாடரேட் ஆக்‌ஷன். டிரவுட்டோட வாய் மென்மையானது. ராட் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாதான் முள் கிழிச்சுக்கிட்டு வராது. விராலுக்கு இது நேர் எதிர். பாசிக்குள்ள இருந்து மீனை உடனே வெளிய இழுக்கணும், அதனால ஆறரையில இருந்து ஏழடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். இங்கதான் உங்க சொந்தக்காரர் கொண்டு வர்ற பாஸ் ராட் கச்சிதமாப் பொருந்தும். கொடுவாவுக்கும் அதே ராட் ஓரளவு ஓடும். உப்புத் தண்ணியில பயன்படுத்தினா வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவி வைக்கணும்.

ரீல்: விளம்பரத்தைப் பாக்காதீங்க, பெருக்கிப் பாருங்க

முதல் ரீல் ஸ்பின்னிங் ரீலா இருக்கட்டும். பேட்காஸ்டர்ல ஸ்பூலே சுத்தும். லூர் வேகம் குறையும்போது ஸ்பூல் வேகம் குறையலைன்னா நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கும். கட்டைவிரல்ல அதைக் கட்டுப்படுத்தப் பழகணும். அதோட, சின்ன எடை லூருக்கு சாதாரண பேட்காஸ்டர் சரிப்படாது.

பெட்டியில 5.2:1, 6.2:1-னு போட்டிருக்கும். கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா ரோட்டர் எத்தனை சுத்து சுத்தும்ங்கிறதுதான் அது. ஆனா உங்களுக்கு வேண்டியது ஒரு சுத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் நரம்பு உள்ள வருதுங்கிற கணக்கு. ஸ்பூல் விட்டம் 40 மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். சுற்றளவு கிட்டத்தட்ட 12.5 சென்டிமீட்டர். 5.2-ஆல பெருக்கினா 65 சென்டிமீட்டர். 6.2-ஆல பெருக்கினா 78. ஸ்பூல்ல நரம்பு குறையக் குறைய இதுவும் குறையும். டிரவுட் ஸ்பின்னரை மெதுவா இழுக்கணும், அதனால குறைஞ்ச விகிதமே போதும். டிரவுட்டுக்கு 1000 அல்லது 2000 சைஸ், விராலுக்கு 2500 அல்லது 3000, கொடுவாவுக்கு 4000 சைஸ் ரீல்னு ஞாபகம் வச்சுக்கங்க.

அடுத்தது டிராக். மீன் ஓடும்போது நரம்பு அறுந்து போகாம ஸ்பூலை வழுக்க விடுற பிரேக் அது. நரம்போட தாங்குதிறன்ல கால் பங்குல இருந்து முப்பது சதவீதத்துக்குள்ள வைக்கணும். 6 பவுண்ட் நரம்புன்னா 2.7 கிலோ, டிராக் சுமார் 700 கிராம். இதை எப்படி அளக்கிறது? ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சூட்கேஸைத் தொங்கவிட்டு எடை பாப்போமே, அந்தத் தராசை நரம்பு நுனியில மாட்டி இழுங்க. 700 கிராம்ல ஸ்பூல் நகரணும். அவ்வளவுதான்.

நரம்புன்னதும் தங்கூசி ஞாபகம் வரும். மோசமான தேர்வு இல்லை. இழுபடும், விலை குறைவு, டிரவுட்டுக்குத் தாராளமாப் போதும். ஆனா வெயில்பட்டுப் பலம் குறையும், அப்பப்போ மாத்தணும். விராலுக்கு 30 பவுண்ட் பிரெய்டு வேணும். அது இழுபடாது, பாசியை அறுத்துக்கிட்டு வரும். கொடுவாவுக்கு பிரெய்டு நுனியில தடிமனான லீடர் கட்டணும். அதோட செவுள் மூடி கத்தி மாதிரி, நரம்பை மட்டுமில்ல, விரலையும் அறுக்கும்.

லூர்: நாலு வகை போதும்

லூர் பெட்டி நிறைய வாங்கிக் குவிக்கிறது போதை. நாலு வகை புரிஞ்சா போதும்.

ஒண்ணு, ஸ்பின்னர். தகடு சுத்துறதால வர்ற அதிர்வும் மினுமினுப்பும்தான் மீனைக் கூப்பிடுது. தகடு சுத்தறது ராட் நுனியில உங்களுக்கே தெரியணும். தெரியுற அளவுக்கு மெதுவா இழுங்க. டிரவுட்டுக்கு 2-ல இருந்து 5 கிராம். ரெண்டு, ஸ்பூன். கனமான தகடு, தூரமாப் போகும், விட்டு விட்டு இழுத்தா அடிபட்ட மீன் மாதிரி ஆடும். மூணு, கிராங்க்பெய்ட். முன்னாடி இருக்கிற நாக்கு தண்ணியைத் தள்ளுறதால ஆழத்துக்கு இறங்கும். நாக்கு பெருசா இருந்தா இன்னும் ஆழம். கொடுவாவுக்கு இந்தக் குடும்பம்தான் நல்லது. நாலு, தவளை லூர். முள் ரெண்டும் முதுகோட ஒட்டி மேல பாத்து இருக்கும், அதனால பாசியில மாட்டாது. விரால் அடிச்சதும் உடனே சுண்டாதீங்க. ஒண்ணு ரெண்டு எண்ணி, நரம்பு இறுகுறது தெரிஞ்சதும் இழுங்க.

எந்த லூர் வாங்கினாலும் ஒரு வேலை செய்யுங்க. மூணு முள் சேர்ந்து இருந்தா ஒத்த முள்ளா மாத்துங்க. முள் நுனிக்கு உள்பக்கம் இருக்கிற எதிர்முள்ளை பிளேயரால நசுக்கிடுங்க. நரம்பைத் தளரவிடாம வச்சா மீன் தப்பாது. கழட்டுறதும் ரெண்டு செகண்ட் வேலை.

எப்போ வீசக் கூடாது

இதுதான் இந்த எபிசோட்லயே முக்கியமான பகுதி. ராட் வாங்குறது காசு விஷயம். இது மீன் விஷயம்.

விரால், முட்டை பொரிச்ச பிறகும் குஞ்சுகளைக் காவல் காக்கும். தண்ணி மேல செம்மஞ்சள் நிறத்துல குட்டிக் குட்டியா ஒரு கூட்டம் மேல வந்து போறதைப் பாத்தா, அடியில தாயோ தகப்பனோ நிச்சயம் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல தவளையைப் போட்டா பெரிய மீன் அடிக்கும், பசியில இல்லை, குஞ்சைக் காப்பாத்த. அதைத் தூக்கிட்டா மத்த மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்னு தீத்துரும். ஒரு மீனுக்காக ஒரு குளத்தோட அடுத்த வருஷத்தையே எடுத்துட்டு வர்றோம். அங்க வீசாதீங்க.

கொடுவா பிறக்கும்போது பெரும்பாலும் ஆண். வளர்ந்த பிறகு பெண்ணா மாறும். அப்போ நீங்க போட்டோ எடுக்கிற அந்த ராட்சசக் கொடுவா, அநேகமா முட்டை வைக்கிற பெண். நடுத்தர சைஸை சமையலுக்கு எடுத்துக்கங்க, பெருசை விட்டுருங்க. குழம்புக்குக் கொடுவா வேணும்னா வளர்ப்பு மீன் இருக்கு. சென்னையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லயே பொரிப்பகத்துல கொடுவாக் குஞ்சு உற்பத்தி பண்ணிக் காட்டிருச்சு.

டிரவுட்டை விடப் போறீங்கன்னா கையை நனைச்சுட்டுத் தொடுங்க. வறண்ட கை அதோட மேல்வழுவழுப்பை உரிச்சிடும். முடிஞ்சவரை தண்ணிக்குள்ளயே முள்ளைக் கழட்டுங்க.

இடமும் முக்கியம். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி பக்கமெல்லாம் அணை மின்வாரியத்தோடது, சுத்தி வனத்துறை. மீன்வளத்துறை, வனத்துறை ரெண்டுகிட்டயும் கேட்டு, அனுமதி வாங்கிட்டுப் போங்க. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ள தூண்டிலே கூடாது. நீலகிரிக்கு வடக்கே ஓடுற மாயாறுல ஹம்ப்பேக் மாசீர் இருக்கு. 2018-ல உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தோட சிவப்புப் பட்டியல்ல மிக மோசமா அழியும் நிலையில இருக்கிற இனமா சேர்க்கப்பட்ட மீன் அது. அதைத் தேடிப் போக வேண்டாம்.

கடைசியா, "நம்ம அணையிலயும் பாஸை விட்டா என்ன?"ன்னு கேக்கறவங்களுக்கு. 1925-ல ஜப்பான்ல ஆஷி ஏரியில லார்ஜ்மவுத் பாஸை விட்டாங்க. அது நாடு முழுக்கப் பரவி உள்ளூர் மீன்களைத் தின்னுது. 2005-ல அதை உயிரோட கொண்டு போறதுக்கும் வெளிய விடுறதுக்கும் சட்டமே போட்டுத் தடுத்தாங்க. தண்ணியில விட்டதைத் திரும்ப எடுக்க அன்டூ பட்டன் கிடையாது.

ஆக, அந்தக் கேள்விக்குப் பதில்: விரால் பிடிக்கிற ஆளா இருந்தா பாஸ் ராட் தாராளமா வாங்குங்க. டிரவுட்னா இன்னும் சின்னதா, கெண்டைன்னா சாதாரண ராடே போதும். வாங்கினதும் முதல் நாள் தண்ணிக்குப் போகாதீங்க. முள்ளைக் கழட்டின லூரைக் கட்டி, மைதானத்துல இருபதடி தள்ளி ஒரு வாளியை வச்சு, அதுக்குள்ள விழுற வரைக்கும் வீசிப் பழகுங்க. அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்கே கொண்டு வாங்க, பறவை கால்ல சுத்திக்கும்.

உங்க ஊர்க் குளத்துல என்ன மீன், எப்படி அடிக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல முடிச்சுகள் பத்திப் பேசலாம். வரட்டா!